இழப்புத் துயரில் சிறார் (திண்டுக்கல் வட்டாரம்)

பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ சாவில் பறிகொடுத்த சிறார் அடையும் மனத்துன்பம் இழப்புத் துயர் எனப்படும். திண்டுக்கல் சமவெளி ஊர்களில், தந்தைக்குக் கொள்ளிவைத்த சிறுவன் கருமாதி முடிந்து மழித்த தலையுடன் வகுப்பில் வந்து அமரும்போது, சடங்கில் அவனுக்கிருந்த முதன்மை அங்கே இருப்பதில்லை; சுடுகாட்டுக்கு அழைத்துச் செல்லப்படாத அவன் தங்கையிடமோ, அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைப்பதும் உண்டு. சாவு மீளாதது என்பதை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் உணராதாகையால், இம்மறைப்பு வீண் காத்திருப்பையே வளர்க்கும். இறந்துவிட்டார் என்ற நேர்ச்சொல், கடுமையாகத் தோன்றினும், அதனினும் நன்று.

இத்தகைய சிறார்க்கு உதவும் ஏற்பாடுகளும் உண்டு. இவ்வட்டாரத்தில் சின்னாளப்பட்டியை அடுத்து, டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் என்னும் தொண்டு நிறுவனம், ஆதரவற்ற குழந்தைகளுக்கெனச் சௌபாக்கியா இல்லத்தை நடத்திவருகிறது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்தோர்க்கு 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையைத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. பெற்றோரை இழந்தோர்க்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பேணப்பட இயலாதோர்க்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. பணவுதவி வளர்ந்த அளவுக்கு உளவளத்துணை, அதாவது குழந்தையின் துயரைப் பயிற்சி பெற்றவர் உடனிருந்து கேட்டு ஆற்றும் பணி, சிற்றூர்ப் பள்ளிகளில் வளரவில்லை. உதவி தேவைப்படும் சிறார்க்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1098.