பதினாலு வருஷத்துப் பட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பெண் போன் செய்தாள். அரசியல் அறிவியலில் பிஎச்.டி. பதிவு செய்து ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. உதவித்தொகை நின்றுவிட்டது. "விட்டுடலாம்னு இருக்கேன் மாமா. கூடப் படிச்சவங்க எல்லாம் சம்பாதிச்சு வீடே கட்டிட்டாங்க" என்றாள். மும்பையில் கணக்கு வழக்கு பார்த்துப் பிழைக்கும் நான் என்னத்தைச் சொல்ல? ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

மறுநாள் காலை தாதரில் இறங்கும்போது ராஜகிருஹா ஞாபகம் வந்தது. ஹிந்து காலனியில் இருக்கும் அம்பேத்கர் வீடு. அவருடைய பிஎச்.டி. கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த இடம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1880ல் அரசியல் அறிவியல் பள்ளியைத் தொடங்கியவர் ஜான் பர்ஜெஸ். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்த 'செமினார்' முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர் சொல்வதை ஒப்பிப்பது அல்ல, மூல ஆவணங்களோடு உட்கார்ந்து இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பிஎச்.டி.யின் சாரம் அதுதான். பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் எல்லாமே அன்று அந்தப் பீடத்தின் கீழ்தான் இருந்தன.

பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அம்பேத்கர் அங்கே போய்ச் சேர்ந்தது 1913ல். 1915ல் எம்.ஏ. வாங்கினார். செலிக்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் ஆய்வு. 1916ல் லண்டனுக்குக் கிளம்பும்போதே இந்தியாவின் நிதி பற்றிய ஆய்வு எழுத்தில் இருந்தது. அப்புறம் ஏன் பட்டம் வரவில்லை? ஆய்வேட்டை அச்சடித்து, பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அங்கே அன்றைய விதி. அச்சடிக்கக் காசு வேண்டுமே!

1917ல் உதவித்தொகைக் காலம் முடிந்து ஊர் திரும்பினார். அவருடைய சாமான்களை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அதோடு புத்தகங்களும் போயின. பரோடாவில் உத்தியோகம் கிடைத்தது, ஆனால் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஜாதி தெரிந்ததும் தங்கியிருந்த விடுதியிலிருந்து விரட்டினார்கள். கொலம்பியா எம்.ஏ. அங்கே செல்லுபடியாகவில்லை. பம்பாய் வந்து சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்தினார், காசு சேர்த்தார், 1920ல் மறுபடி லண்டன் போனார். அங்கே 1923ல் டி.எஸ்சி. பட்டமும் வாங்கிவிட்டார். கொலம்பியா பட்டம் மட்டும் பாக்கி.

1925ல்தான் லண்டனில் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. 1833ல் எல்லா அதிகாரமும் மத்தியில் குவிந்ததிலிருந்து தொடங்கி, 1871க்குப் பிறகு மாகாணங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் பிரித்துக் கொடுத்த கதையை 1921 வரை கொண்டுவருகிறார். மத்திய அரசு எங்களுக்குப் பங்கு தரவில்லை என்று மாநிலங்கள் இன்றும் போடுகிற சண்டையின் வேர் அதில் இருக்கிறது. முன்னுரை எழுதியவர் அதே செலிக்மன். மாணவரை அவர் மறக்கவில்லை.

பட்டம் கைக்கு வந்தது 1927 ஜூனில். போய்ச் சேர்ந்து 14 வருஷம். அதே 1927 மார்ச்சில்தான் மஹாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ப் பொதுக்குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்.

இன்றைய யு.ஜி.சி. விதியை (2022) பார்த்தேன். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பாடத்திட்டம், ஆலோசனைக் குழு, வெளியாள் இரண்டு பேர் மதிப்பீடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. அச்சடிக்கும் தொல்லை இல்லை. ஆனால் இந்தக் கணக்குப்படி அம்பேத்கர் தேறியிருக்க மாட்டார்!

நேற்று அவளிடம் இதைச் சொன்னேன். அம்பேத்கர் மாதிரி ஆகு என்றெல்லாம் சொல்லவில்லை, அது நியாயமுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எத்தனை அத்தியாயம் எழுதியிருக்கே?"

"மூணு மாமா."

"அதை யாரும் மூழ்கடிக்க முடியாது. வேலைக்குப் போறதுன்னா போ. அந்த மூணையும் பத்திரமா வெச்சுக்கோ."

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "நாலாவது பாதியில நிக்குது மாமா" என்றாள்.