கிராமிய மகளிர் சங்கம் - தோற்றமும் இலங்கை வருகையும்

நவீன காலச் சமூக நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் அரசியற் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் விரிவாக ஆராய்வர். மாதத்தில் ஒரு நாள் கூடி, தேநீர் அருந்தி, தையலும் பழப்பாகும் பற்றிப் பேசிக் கலையும் கிராமத்துப் பெண்களின் சங்கங்கள் அவர்தம் நூல்களில் அடிக்குறிப்பாகக் கூட இடம்பெறுவது அரிது. அடுப்படி விடயங்களுக்கு வரலாற்று முக்கியத்துவம் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும், இச்சங்கங்களின் தோற்றத்தை நோக்குமிடத்து, ஒரு குழந்தையின் மரணமே அவற்றின் தொடக்கத்தில் நிற்பதைக் காணலாம்.

கனடாவின் ஒன்றாறியோ மாகாணத்தைச் சேர்ந்த அடெலெயிட் ஹூட்லெஸ் என்னும் பெண்மணியின் ஆண்குழந்தை 1889ஆம் ஆண்டில், பதினான்கு மாத வயதில் இறந்தது. அசுத்தமான பாலே அதற்குக் காரணமென அவர் கருதினார். பால் திறந்த பாத்திரங்களில், ஈக்கள் மொய்க்க, வீடுவீடாக விற்கப்பட்ட காலம் அது. தமது அறியாமையும் அம்மரணத்துக்கு உடந்தை என எண்ணிய அவர், மனையியல் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஊரூராகப் பேசலானார். அக்காலத்தில் உழவர் கழகங்களில் ஆண்கள் கூடிக் கால்நடைகளின் தீவனம் பற்றி விரிவாக ஆராய்ந்தனர். கன்றுக்குக் கொடுப்பது பற்றி இவ்வளவு அறிவு தேவையாயின் குழந்தைக்குக் கொடுப்பது பற்றி வேண்டாவோ என்பதே ஹூட்லெஸ் அம்மையாரின் வாதத்தின் சாரம். அவரது உரையைக் கேட்ட ஏர்லன்ட் லீ என்னும் விவசாயி தம் ஊராகிய ஸ்ரோனி கிறீக்குக்கு அவரை அழைத்தார். 1897 பெப்ரவரி 19ஆம் திகதி நடைபெற்ற கூட்டத்துக்கு 101 பெண்கள் வந்தனர். அவ்வவையில் இருந்த ஒரே ஆண் லீ மட்டுமே. சங்கத்தின் யாப்பு லீ குடும்பத்தாரின் உணவு மேசையில் வைத்து எழுதப்பட்டது; அவர் மனைவி ஜனட் லீ அப்பணியிற் பங்கு கொண்டார்.

ஹூட்லெஸ் அம்மையார் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கையை ஆதரித்தவர் அல்லர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பெண்ணின் இடம் வீடே என்பது அவர் கொள்கை. அவ்வீட்டை அறிவுடன் நடத்த வேண்டும் என்பதற்கு மேல் அவர் செல்லவில்லை. எனினும் அவர் தொடக்கி வைத்த நிறுவனம் தலைவி, காரியதரிசி, தனாதிகாரி ஆகியோரைத் தெரிவு செய்வதையும், கணக்குக் காட்டுவதையும், பிரேரணை முன்மொழிவதையும் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கிற்று. நிறுவனங்கள் தம்மைத் தோற்றுவித்தோரின் நோக்கத்தை மீறி வளர்வதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வமைப்புப் பிரித்தானியாவை அடைந்தது. கனடாவிலிருந்து சென்ற மட்ஜ் வாட் அம்மையாரின் முயற்சியால் 1915இல் வேல்ஸின் அங்கில்சித் தீவில் முதற் சங்கம் அமைந்தது. 1917இல் தேசிய சம்மேளனம் உருவானபோது சங்கங்களின் தொகை 137. அதன் தலைவியான டென்மன் சீமாட்டி, செயற்குழுத் தெரிவு இரகசிய வாக்கெடுப்பால் நடைபெற வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். பண்ணையாரின் மனைவியும் அவர் வீட்டுச் சமையற்காரியும் ஒரே பெட்டியில் ஒவ்வொரு வாக்கிடுவது அன்றைய ஆங்கிலக் கிராமத்துக்குப் புதுமையே. நடைமுறையிற் பண்ணையாரின் மனைவியே பெரும்பாலும் தலைவியானார் என்பதும் உண்மை.

கூட்டங்களின் அமைப்பும் சுவையானது. முதலிற் சங்க அலுவல், அடுத்து ஒரு சொற்பொழிவோ செய்முறை விளக்கமோ, பின் தேநீர், இறுதியிற் பாட்டும் விளையாட்டும் சிறு நாடகமும். வயலும் வீடுமன்றி வேறிடம் அறியாத பெண்ணுக்குக் கணவனின் துணையின்றிச் சென்றமரக்கூடிய ஓரிடம் கிடைத்தது. தேவாலயத்துக்குச் சென்றால் மதப் பிரிவு இடைநின்றது, மதுச்சாலை ஆண்களுடையது. மதச்சார்பும் கட்சிச்சார்பும் அற்ற சங்கமே எஞ்சியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டில் மட்டும், வீணாகப் போகவிருந்த பழங்களைக் கொண்டு இச்சங்கங்கள் 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பழப்பாகு முதலியவற்றைத் தயாரித்தன. பழப்பாகு என நகைப்போர் இத்தொகையை எண்ணிப் பார்ப்பாராக.

இலங்கைக்கு இவ்வமைப்பைக் கொணர்ந்தவரும் ஒன்றாறியோவிற் பிறந்தவரே. டாக்டர் மேரி இரத்தினம் 1896இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக இங்கு வந்தார். யாழ்ப்பாணத்தவரான எஸ். சி. கே. இரத்தினம் அவர்களை மணந்தமையால் மிஷன் வட்டாரத்தின் ஆதரவை இழந்து, கொழும்பில் வைத்தியத் தொழில் நடத்தினார். 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தையும், 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தையும் அமைப்பதில் முன்னின்றார். தாய்நாட்டில் வளர்ந்திருந்த கிராமிய மகளிர் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிள சமிதியை அவர் நிறுவினார். ஹூட்லெஸ் பிரித்து வைத்த இரண்டும், அதாவது பாற்பாத்திரமும் வாக்குச்சீட்டும், மேரி இரத்தினத்தின் கையில் ஒன்றாயின எனலாம்.

சமிதிகளின் பணி எழுத்தறிவு, சுகாதாரம், குழந்தை பராமரிப்பு, போசாக்கு, வீட்டுத்தோட்டம், தையல், கைப்பணி என விரிந்தது. இவை அற்ப விடயங்கள் அல்ல. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய 1935ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1947இல் இத்தொகை 101 ஆகக் குறைந்தது. டி.டி.ரி. தெளிப்பும் அரசாங்க வைத்திய சேவையின் விரிவும் இவ்வீழ்ச்சியின் முதன்மைக் காரணங்கள். அதனை மகளிர் சங்கங்களின் சாதனையாகக் கொள்வது மிகையாகும். ஆயினும், கொதித்தாறிய நீரும் மூடிய பாத்திரமும் அடுப்படியைச் சென்றடையாவிடின் வைத்தியசாலையின் பயன் பாதியே.

1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது, முன்னொருபோதும் வாக்களித்திராத கிராமத்துப் பெண்கள் வாக்காளராயினர். கையுயர்த்தித் தீர்மானம் நிறைவேற்றும் பழக்கத்தை ஊரளவிற் கற்பித்த இடங்களுள் சமிதியும் ஒன்று. 1941இல் அதிற் சேர்ந்து, கிராமந்தோறும் சென்று, பின்னர் அதன் தலைவியுமான சிறிமாவோ பண்டாரநாயக்கா 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். அரசியலிற் பிரவேசிக்குமுன் அவர் பெற்ற பொதுவாழ்வுப் பயிற்சி பெரிதும் இங்கேயே கிட்டியது. மேரி இரத்தினத்தின் சேவைக்கு 1958இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

எனினும் சமிதியின் வர்க்கத் தன்மையை மறைத்தல் தகாது. தலைமை நகரத்து, நிலவுடைமைக் குடும்பப் பெண்களிடமே இருந்தது. கிராமத்துப் பெண் பெரும்பாலும் கற்பிக்கப்படுபவளாகவே நின்றாள். போசாக்கான உணவு எதுவென அறிந்தும் அதனை வாங்கக் கூலி போதாத பெண்ணுக்குச் செய்முறை விளக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்பது கேட்கப்பட வேண்டிய வினா. சாதி அமைப்பு இறுகியிருந்த ஊர்களிற் கூட்டம் எவர் வீட்டு முற்றத்தில் நடந்தது என்பதே எவர் வரலாம் என்பதைத் தீர்மானிக்க வல்லது; யாப்பில் எழுதிய சமத்துவம் அம்முற்றத்தின் படலையைத் தானாகத் திறந்துவிடாது.

இவற்றினும் பாரதூரமானது ‘கிராமம்’ என்ற சொல்லின் எல்லை. மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறித்த பெண்கள் அச்சொல்லினுள் அடங்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அங்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. சமிதிகள் பெண்களை ஊர்தோறும் கூட்டி வாக்காளராகப் பழக்கிய அதே ஆண்டுகளிலேயே லயத்துப் பெண் தன் வாக்கை இழந்தாள்.