வண்டிவீட்டின் தரை

வட அமெரிக்காவில் பொழுதுபோக்கு வாகனம் என்றும் பிரிட்டனில் கேரவன் என்றும் வழங்கப்படும் வண்டிவீட்டில், கீழே உள்ள எஃகுச் சட்டகமும் மேலே எழும் சுவர்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் தரையே ஆகும். நிலத்தில் கட்டப்படும் செங்கல் வீட்டில் சுவர் தனக்குரிய அடித்தளத்தின்மேல் நிற்க, தரை அதற்கிடையே தனியே பாவப்படுவதால், தரை பெயர்ந்தாலும் சுவர் அசைவதில்லை. வண்டிவீட்டிலோ தரைப்பலகையின் விளிம்பின்மேலேயே சுவர் ஏறி நிற்கிறது. அந்த விளிம்பு இற்றுப்போனால் சுவருக்குப் பிடிமானம் போய்விடும். காலடியில் பலகை மெத்தென்று அமுங்குவதும், நடுப்பகுதி உள்வாங்குவதும் அந்த நோயின் வெளிப்பட்ட அறிகுறிகள் மட்டுமே. இத்தரையைச் செப்பனிடுவது தச்சு வேலைகளில் மிகக் கடினமான ஒன்றாக ஆனதற்குக் காரணம், எடையைக் குறைக்கும் நோக்கில் உற்பத்தியாளர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகச் செய்துவந்த தேர்வுகளே ஆகும்.

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1885ஆம் ஆண்டில் மருத்துவரும் எழுத்தாளருமான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸுக்காகப் பிரிஸ்டல் நகரின் வண்டிப்பட்டறை ஒன்று கட்டித்தந்த ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி, இன்பப் பயணத்துக்கென்றே அமைந்த முதல் வண்டிவீடாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் மகோகனி முதலிய கனமான மரங்கள் தாராளமாகப் பயன்பட்டன. வண்டிப்பட்டறை மரபில் தரை என்பது தனித்தனிப் பலகைகளை அடுக்கி அமைப்பது. ஒரு பலகை இற்றால் அதை மட்டும் கழற்றி மற்றொன்றை இறக்கிவிடலாம். பிற்காலப் பழுதுபார்ப்பவர் பொறாமை கொள்ளத்தக்க இந்த வசதிக்கு விலையாக இருந்தது எடை.

மோட்டார் வண்டி பரவியபின் அந்த எடையைச் சுமக்க எவரும் விரும்பவில்லை. 1910இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் உறங்கும் வசதி கொண்ட காரைக் காட்சிக்கு வைத்தது. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், காரில் பயணம் செய்து கூடாரமிட்டுத் தங்குவோர் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற பெயரில் சங்கமாகத் திரண்டனர். அவர்களது சிறிய கார்கள் இழுக்கக்கூடிய வண்டி இலேசானதாக இருந்தாக வேண்டும். 1920களில் மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் உருவாக்கிய மேசனைட் என்ற, மரநாரை வெப்பத்தில் அழுத்திச் செய்யும் தகடு, வண்டிகளின் சுவருக்குப் பயன்படலாயிற்று. 1931இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கிய வாலி பயம், வீட்டிலேயே வண்டி கட்ட விரும்புவோருக்கு வரைபடம் விற்றுத் தொழிலுக்கு வந்தவர். அவர் செய்த முதன்மையான மாற்றங்களுள் ஒன்று தரையைப் பற்றியது. சக்கரங்களுக்கு மேலே இருந்த தரையை அவற்றுக்கு இடையே தாழ்த்தி, கூரையை உயர்த்தி, மனிதர் நிமிர்ந்து நிற்க வழிசெய்தார். வண்டிக்குள் நடமாட்டம் என்பதே அதன்பின் இயல்பாயிற்று. சாலைத் தெறிப்பும் ஈரமும் தரையின் அடிப்பக்கத்துக்கு இன்னும் நெருங்கிவந்தன.

தரைக்கு ஏற்ற பொருளாக நிலைபெற்றது ஒட்டுப்பலகை, அதாவது மெல்லிய மர ஏடுகளை இழையோட்டம் மாற்றி மாற்றி ஒட்டிச் செய்யும் பிளைவுட். 1905இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் பொருட்காட்சியில் டக்ளஸ் ஃபர் மரத்தாலான ஒட்டுப்பலகை காட்டப்பட்டதிலிருந்து அமெரிக்க மேற்குக் கடற்கரையில் அத்தொழில் வளர்ந்தது. அக்காலப் பசைகள் விலங்குகளின் எலும்பு, இரத்தம், சோயா அவரை முதலியவற்றிலிருந்து பெறப்பட்டவை. ஈரம் பட்டால் ஏடுகள் பிரிந்துவிடும். 1934இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் நகரில் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின் முழுமையாக நீர் தாங்கும் பசையை உருவாக்கியபின், ஒட்டுப்பலகையை வெளிப்புறப் பணிகளுக்கும் நம்பிப் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்தது. பிற்காலத்துத் துன்பங்கள் பலவற்றின் வேர் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. நீரைத் தாங்கியது பசை மட்டுமே. பசைக்கு இடையே இருந்த மரம் எப்போதும்போல மரமாகவே இருந்தது. ஏடுகள் பிரியாமல் ஒட்டியிருக்க, அவை உள்ளுக்குள்ளேயே மக்கிப்போவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

1936இல் ஏர்ஸ்ட்ரீம் வெளியிட்ட ‘கிளிப்பர்’ வண்டியின் அலுமினிய உடல், வாலி பயமின் தனிக் கற்பனை அன்று. விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ், 1934இல் ரிவிட் அடித்த அலுமினியத் தகடுகளால் ‘ரோடு சீஃப்’ என்ற வண்டியைக் கட்டியிருந்தார். கிளிப்பர் அதன் வழியில் வந்தது. தகட்டு உடலே பாரத்தின் ஒரு பங்கைத் தாங்கும் இந்த விமானக் கட்டுமுறையில், உடலின் அடிப்பகுதி மூடியிருந்தால்தான் உடல் விறைப்பாக நிற்கும். அப்படி மூடும் பொறுப்பு தரைக்கு வந்தது. போருக்குப்பின் 1940களின் இறுதியில் வந்த சில ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் நடுவே ஓடும் ஒற்றை இரும்புக் குழாயே சட்டகமாக இருந்ததைக் கொண்டு, மீதிப் பாரத்துக்குத் தரையையும் உடலையும் எவ்வளவு நம்பினர் என்பதை உணரலாம். பின்னர் ஏணி வடிவச் சட்டகம் வந்தபோதும் தரையின் பொறுப்பு குறையவில்லை.

அவ்வமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். பக்கவாட்டில் நீண்டு தரையின் ஓரத்தைத் தாங்கும் எஃகுக் கைகள். இவற்றின்மேல் ஒட்டுப்பலகைகள் குறுக்காகப் பாவப்பட்டு, தட்டைத் தலை போல்ட்டுகளால் முடுக்கப்படும். பலகையின் விளிம்பு நெடுக அலுமினிய வாய்க்கால் பட்டை ஒன்று ஓடும். உடலின் விலா எலும்புகளும் வெளித்தகடும் அந்தப் பட்டையில் ரிவிட் அடிக்கப்படும். அடியில் கண்ணாடி இழைப் பஞ்சு நிரப்பி, அதை அலுமினியத் தகட்டால் வயிறுபோல் மூடிவிடுவர். ஆக, கீழே எஃகும் மேலே அலுமினியமும் நெருக்க, இடையில் மாட்டிக்கொண்டது ஓர் அங்குலத்துக்கும் குறைந்த தடிப்புள்ள மரம். சன்னல் ஓரத்திலோ கூரைத் துளையிலோ பின்விளக்கின் ரப்பரிலோ கசியும் நீர், உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே எவர் கண்ணிலும் படாமல் இறங்கி, நேரே அந்த வாய்க்காலில் வந்து தேங்கும். பலகையின் வெட்டு விளிம்பு அதை உறிஞ்சும். அடியிலுள்ள பஞ்சு அதை உலரவிடாது.

மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதை அழிக்கும் பூஞ்சைகள் வளர்வதில்லை. ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டி, கோடை வெப்பமும் சேரும்போது அவை விரைந்து பரவுகின்றன. பழுப்பு அழுகல் எனப்படும் வகை, மரத்துக்கு வலுவூட்டும் செல்லுலோஸைத் தின்று லிக்னினை மட்டும் விட்டுவைப்பதால், பலகை நிறம் கறுத்து, சிறு கட்டங்களாக வெடித்து, விரல் பட்டாலே பொடியாகும். ஈரத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருப்பதால் உண்டாகும் மின்வேதி அரிப்பு அலுமினியத்தைத் தின்ன, துரு போல்ட்டுகளையும் சட்டகத்தின் கைகளையும் தின்னும். மேலே லினோலியமோ கம்பளமோ விரித்திருப்பதால், இவை யாவும் நிகழ்ந்து முடிந்த பின்னரே வண்டியின் உரிமையாளருக்குத் தரை அமுங்குவது தெரியவரும்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வந்த நீண்ட வண்டிகளில் இந்நோய் கடுமையான ஒரு வடிவம் கொண்டது. குளியலறையும் கழிவுநீர்த் தொட்டியும் அச்சுகளுக்கு வெகு பின்னால், வண்டியின் கடைசியில் அமைந்தன. சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் சட்டகத்தின் பின்முனை கீழே வளைய, உடலோ தன் விறைப்பினால் வளைய மறுத்தது. இரண்டையும் பிணைத்திருந்த பின்தரை இற்றுப்போகவே அவை பிரிந்தன. இதைப் பின்முனைப் பிரிவு என்று ஆர்வலர்கள் அழைக்கின்றனர். அதைக் கண்டறிய அவர்கள் கையாளும் சோதனை மிக எளியது: ஒருவர் பின்பக்க பம்பர்மேல் ஏறி நின்று மேலும் கீழும் அசைய, மற்றொருவர் பம்பருக்கும் அலுமினிய உடலுக்கும் இடையே உள்ள கோட்டைக் கவனிக்கிறார், பம்பர் இறங்கும்போது உடலும் உடன் இறங்கினால் பிணைப்பு உண்டு, உடல் அப்படியே நிற்க பம்பர் மட்டும் இறங்கினால் பிணைப்பு அறுந்தது.

தரையைச் செப்பனிடும் கலை, தொழிற்சாலைகளைவிடப் பழைய வண்டிகளை வாங்கிய ஆர்வலர்களாலேயே பெரிதும் வளர்ந்தது எனலாம். 1955இல் உருவான வாலி பயம் கேரவன் சங்கம் போன்ற அமைப்புகளும், பழைய வண்டிகளைப் பேணும் பிற குழுக்களும் அந்த அறிவு கைமாறிப் பரவ வழிசெய்தன. அவர்களிடையே இரண்டு முறைகள் நிலைபெற்றன. முதலாவதில் உடல் சட்டகத்தின்மேல் இருக்கவே, இற்ற பலகையைத் துண்டுதுண்டாக அறுத்தெடுத்து, புதிய பலகையை இரண்டு பாதிகளாக வாய்க்காலுக்குள் செருகி, நடுவில் இணைப்பர். இரண்டாவதில் உள்தகடுகளைக் கழற்ற நூற்றுக்கணக்கான ரிவிட்டுகளைத் துளையிட்டெடுத்து, போல்ட்டுகளை அறுத்து, உடல் முழுவதையும் தாங்கிகளில் உயர்த்தி, அடியிலிருந்து சட்டகத்தை உருட்டி வெளியே எடுப்பர். தரை நீங்கிய உடல் தன் வடிவை இழந்து அகன்றுவிடக்கூடும் என்பதால், உயர்த்துவதற்கு முன் உட்புறம் குறுக்குக் கட்டைகள் பூட்டப்படும். சட்டகத்தின் துருவை நீக்கி, அரித்துப்போன கைகளைப் புதிதாகப் பற்றவைத்து, துருத்தடுப்பு வண்ணம் பூசியபின், பழைய தரையின் எஞ்சிய பாகத்தையே அச்சாக வைத்து மூலைகளின் வளைவு புதிய பலகையில் வரையப்படும். அதனால்தான் அனுபவம் மிக்கவர்கள் எவ்வளவு மக்கியிருந்தாலும் மூலைப் பலகையை முதல்நாளே தூக்கி எறிவதில்லை.

இவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவதான ஒரு குறுக்குவழி எப்போதும் இருந்துவந்துள்ளது: அமுங்கும் இடத்தின்மேல் புதிய பலகை ஒன்றை அறைந்து, விரிப்பால் மூடிவிடுவது. அது பழுதுபார்த்தல் ஆகாது. அடியிலுள்ள ஈரத்தை மேலும் இறுக மூடி, சுவரின் பிடிமானத்தை அழிவுக்கு விட்டுவிட்டு, அடுத்து வாங்குபவரை ஏமாற்றும் செயல் அது. பழைய வண்டிகளைப் பிரிக்கும்போது இத்தகைய ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்படுவது அரிதன்று. ஒழுகும் இடத்தை முதலில் அடைக்காமல் தரையைத் தொடுவதும் இதற்குச் சற்றும் குறைந்த தவறன்று. கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வருவதே முறையான வரிசை.

அலுமினிய வண்டிகள் சிறுபான்மையே. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைச் சுற்றி வளர்ந்த பெருந்தொழிலும், 1966இல் மோட்டார் வீடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிய அயோவாவின் வின்னபேகோ நிறுவனமும் வண்டிவீட்டை நடுத்தர வருவாயினருக்குக் கொண்டுசேர்த்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடி எடைக்குறைப்பை மேலும் வற்புறுத்தியது. பாலிஸ்டைரீன் நுரையின் இருபுறமும் மெல்லிய ஒட்டுப்பலகையை ஒட்டிச் செய்யும் அடுக்குப்பலகை தரைக்கும் வந்தது. அமெரிக்காவில் அதன் மேலேடு பெரும்பாலும் லாவான். தென்கிழக்காசியக் காடுகளில் வளரும் அம்மரம், தமிழர் தூபமிடும் குங்கிலியத்தைத் தரும் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வகைத் தரை கெடுவதற்கு நீர்கூடத் தேவையில்லை. வாசலருகிலும் அடுப்படியிலும் மனிதர் திரும்பத் திரும்ப மிதிக்கும் இடங்களில் நுரைக்கும் பலகைக்கும் இடையே பசை விட்டுப்போக, தரை கிறீச்சிட்டு உள்வாங்கும்.

பிரிட்டனில் இதற்கென எழுந்த செப்பனிடும் முறை தனித்தன்மை உடையது. அமுங்கும் பரப்பில் கட்டம் போட்டு, மேலேட்டையும் நுரையையும் ஊடுருவி, அடியேட்டைத் துளைக்காத ஆழத்துக்குத் துளைகள் இடுவர். இருகூறுப் பிசினைக் கலந்து ஒவ்வொரு துளையிலும் செலுத்துவர். மர முளைகளைச் செருகுவர். பின்னர் மேலே பாரம் ஏற்றியும் அடியில் முட்டுக்கொடுத்தும் பிசின் இறுகும்வரை விட்டுவிட்டு, துருத்தி நிற்கும் முளைகளைச் சீவித் தளமாக்குவர். பசை மட்டும் விட்டுப்போன தரைக்கு இது போதுமானது. ஏடே இற்றுப்போயிருந்தால் பிசின் பற்றிக்கொள்ள உள்ளே எதுவும் இராது. ஆகவே துளையிடும்போது வெளிவரும் தூள் உலர்ந்து வெளிறியிருக்கிறதா, ஈரமாய்க் கறுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை முடிவுசெய்யப்படுகிறது.

அண்மைக் காலத்தில் உற்பத்தியாளர் சிலர் மரத்தை அறவே நீக்கி, கண்ணாடி இழையும் நெகிழியும் கலந்த பலகைகளுக்கு மாறியுள்ளனர். பழைய வண்டிகளை மீட்போரில் பலர் இன்னும் ஒட்டுப்பலகையையே தேர்கின்றனர். அதில் திருகாணி நன்கு பிடிக்கிறது, எங்கும் கிடைக்கிறது, கைக்கருவிகளால் அறுக்க முடிகிறது. ஆனால் பழைய பட்டறைகள் செய்யாத ஒன்றை அவர்கள் செய்கின்றனர்: பலகையை வாய்க்காலில் செருகுவதற்கு முன், அதன் வெட்டு விளிம்பிலும் ஒவ்வொரு போல்ட்டுத் துளையின் உட்சுவரிலும் எபாக்சிப் பிசினை மேலும் உறிஞ்ச மறுக்கும்வரை பூசி, உலரவைக்கின்றனர்.