தோட்டக் கருவிப் பொறியை மாதிரி வானூர்திக்கு மாற்றுதல்

தோட்டக் கருவிப் பொறி மாற்றம் என்பது புல்வெட்டி, புதர்வெட்டி போன்ற கைக்கருவிகளில் பயன்படும் சிறிய பெட்ரோல் பொறியை, வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தியின் உந்துபொறியாக மாற்றியமைப்பதாகும். இக்கட்டுரை நான்கு வீச்சுப் பொறிகளின் மாற்றத்தை, ஹோண்டா ஜிஎக்ஸ்25 பொறியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

மாதிரி வானூர்திக்கென்றே வணிக முறையில் உருவாக்கப்பட்ட நான்கு வீச்சுப் பொறிகளுள் முன்னோடி, 1976 இல் வெளிவந்த ஜப்பானின் ஓ.எஸ். எஃப்எஸ்-60 ஆகும். அது மெத்தனால் கலந்த எரிபொருளில் இயங்கியது. கைக்கருவிகளில் நெடுங்காலம் இரு வீச்சுப் பொறிகளே பயன்பட்டன. 1990களில் கலிபோர்னியா மாநிலம் சிறு பொறிகளின் புகைக்குக் கட்டுப்பாடு விதித்ததையடுத்து, ரியோபி, ஹோண்டா முதலிய நிறுவனங்கள் கையில் ஏந்தக்கூடிய நான்கு வீச்சுப் பொறிகளைக் கொண்டுவந்தன. விலை குறைவு, பெட்ரோலில் இயங்குதல், எண்ணெயை எரிபொருளில் கலக்கத் தேவையின்மை ஆகியவை மாதிரி வானூர்தி ஆர்வலர்களை இவற்றின்பால் ஈர்த்தன.

ஜிஎக்ஸ்25 பொறியின் அளவுகள்

* உருளை விட்டம்: 35 மி.மீ.
* வீச்சு நீளம்: 26 மி.மீ.
* கொள்ளளவு: 25 கன செ.மீ.
* திறன்: நிமிடத்திற்கு 7000 சுற்றுகளில் 0.72 கிலோவாட் (ஏறத்தாழ 1 குதிரைத்திறன்)

இப்பொறியை எந்தக் கோணத்தில் சாய்த்தும் இயக்கலாம். தலைகீழாகப் பறக்கும் வானூர்திக்கு இது இன்றியமையாத பண்பாகும். எண்ணெய்த் தொட்டி அடியில் திறந்திருக்கும் வகைப் பொறிகளைக் கவிழ்த்தால், எண்ணெய் எரியறைக்குள் புகுந்து பொறி நின்றுவிடக்கூடும்.

மாற்றும் முறை

முதலில் கிளட்ச், கயிற்றுத் துவக்கி, எரிபொருள் தொட்டி, வெளியுறை ஆகியவை அகற்றப்படுகின்றன. கிளட்ச் இருந்த பக்கத்தில், கடைசல் இயந்திரத்தில் செய்யப்பட்ட குடம் பொருத்தப்பட்டு, அதில் சுழல்விசிறி இணைக்கப்படுகிறது. குடத்தின் மையம் கிராங்க் தண்டின் மையத்துடன் சிறிதும் பிசகாமல் ஒன்றவேண்டும். இல்லையெனில் அதிர்வு தாங்கிகளைக் கெடுக்கும். ஜிஎக்ஸ்25 கிளட்ச் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்வதால், கடைகளில் கிடைக்கும் வழக்கமான விசிறியையே பயன்படுத்தலாம்.

எடையைக் குறைக்க ஃபிளைவீலின் குளிர்விப்பு இறகுகள் கடைந்து நீக்கப்படுவதுண்டு. ஆனால் அதிலுள்ள காந்தமே மேக்னெட்டோவிற்கு மின்சாரம் தருவதால் அதை அகற்றக்கூடாது. காந்தத்திற்கு எதிர்ப்புறமுள்ள சமநிலை எடையையும் குறைக்கலாகாது. மின்கலத்தில் இயங்கும் மின்னணுத் தீமூட்டலைப் பொருத்தினால் காந்தம் தேவையில்லை.

கருவியில் பொறியின் சொந்த விசிறியே உருளையைக் குளிர்விக்கிறது. வானூர்தியில் அப்பணியை எதிர்க்காற்று செய்யவேண்டும். எனவே முன்மூடியில் காற்று வெளியேறும் வழி, உள்நுழையும் வழியைவிடப் பெரிதாக இருத்தல் நலம். தரையில் நெடுநேரம் முழு வேகத்தில் இயக்கினால் பொறி மிகையாகச் சூடேறும்.

கார்புரேட்டரின் நெம்புகோல் செர்வோ மோட்டாருடன் இணைக்கப்படுகிறது. மெத்தனால் பொறிகளுக்குரிய சிலிக்கோன் குழாய் பெட்ரோலில் ஊறிக் கெடுவதால், பெட்ரோலைத் தாங்கும் குழாயே ஏற்றது.

விசிறித் தேர்வு

16×8 முதல் 18×6 அங்குலம் வரையிலான விசிறிகள் இப்பொறியின் திறனுக்குப் பொருந்தும். முதல் எண் விட்டத்தையும், இரண்டாவது எண் ஒரு சுற்றில் விசிறி முன்னேறும் கோட்பாட்டுத் தொலைவையும் குறிக்கும். சிறிய விசிறியை மிக வேகமாகச் சுழற்றுவதைவிடப் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதே இப்பொறிக்கு இயல்பு. ஆகவே இது மெதுவாகப் பறக்கும் பெரிய மாதிரிகளுக்கும் இரட்டை இறக்கை வானூர்திகளுக்கும் ஏற்றது. விரைவு மாதிரிகளுக்கு இதன் எடை மிகுதி.

பாதுகாப்பு

புல்வெட்டியில் பொறி மெதுவாக ஓடும்போது கிளட்ச் வெட்டும் பகுதியைச் சுழலவிடாது. மாற்றப்பட்ட பொறியில் அத்தகைய இடைத்தடை இல்லை. பொறி ஓடும்போதெல்லாம் விசிறியும் சுழலும். 18 அங்குல விசிறி நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழன்றால், அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 144 மீட்டர் வேகத்தில் செல்கிறது.

மேக்னெட்டோவிற்கு மின்கலம் தேவையில்லை என்பதால், பொறியில் எரிபொருள் எஞ்சியிருந்தால் விசிறியைக் கையால் திருப்புவதே அதைத் துவக்கிவிடக்கூடும். மேக்னெட்டோவைப் பொறியின் உடலுடன் இணைத்துத் தீப்பொறியைத் தடுக்கும் நிறுத்து விசை கட்டாயம் பொருத்தப்படவேண்டும். இவ்விசையின் கம்பி அறுந்தால் பொறியை நிறுத்த இயலாது. எனவே எரிபொருளை அடைக்கும் இரண்டாவது வழியும் தேவை. மின்கலத் தீமூட்டலில் இதற்கு மாறாக, மின்கலக் கம்பி அறுந்தால் பொறி நின்றுவிடும்.

தீப்பொறி வானொலி இரைச்சலை உண்டாக்கும். மின்தடையுள்ள தீப்பொறிச் செருகி, உலோகக் காப்புறையிட்ட கம்பி, கார்புரேட்டருக்கு நெகிழியாலான இணைப்புத் தண்டு ஆகியவை இதைக் குறைக்கின்றன. வானொலி வாங்கியைப் பொறியிலிருந்து இயன்றவரை தொலைவில் வைக்கவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இவ்விரைச்சலால் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. எனினும் பறக்கவிடுமுன் பொறியை ஓடவிட்டு, கட்டுப்பாட்டின் எல்லைத் தொலைவைச் சோதிப்பது அவசியமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* கார்புரேட்டர்
* மேக்னெட்டோ