எண்ணும் உடலும்: பாஸ்டன் மாரத்தான் முடிவுகளை வாசித்தல்

பந்தய முடிவு என்பதை விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். யார் முந்தினார், எத்தனை நிமிடம், அவ்வளவுதானே, இதிலுமா அரசியல் என்று நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பாஸ்டன் மாரத்தானின் பழைய முடிவுப் பட்டியலை ஒரு பிரதியாக வாசிக்கும்போது அந்த 'அவ்வளவுதானே'யில்தான் சங்கதி இருப்பதாக எனக்குப் படுகிறது.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக் கிளப்பிய உற்சாகத்தில் பாஸ்டன் தடகளக் கழகம் 1897 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய பந்தயம் இது. 15 பேர் ஓடி 10 பேர் முடித்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மெக்டர்மட் 2 மணி 55 நிமிடம் 10 விநாடியில் முதலாவதாக வந்தார். அடுத்த எழுபதாண்டுப் பட்டியலில் ஆண்கள் மட்டுமே. பெண்களை விலக்கியதற்குத் துணைநின்றது மருத்துவம் என்ற பெயரில் உலவிய ஒரு சொல்லாடல். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்க, 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லாமல் போயிற்று.

1966-இல் பாபி கிப் என்ற இளம்பெண் பாஸ்டனுக்கு விண்ணப்பித்தார். அவ்வளவு தூரம் ஓடப் பெண்ணுடல் தாங்காது என்று பதில் வந்தது. அவர் சான் டியாகோவிலிருந்து பஸ் பிடித்து வந்து, புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் கடந்த பிறகு கூட்டத்தோடு கலந்துகொண்டார். 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அவருக்குப் பின்னால். மாநில ஆளுநரே கை குலுக்கினார். அந்த வருடப் பட்டியலில் முதல் நான்கு இடங்களும் ஜப்பானியருக்கு. கிப்பின் பெயர் எங்குமே இல்லை. பந்தய இயக்குநர் வில் குளோனியின் வாதம் ரசமானது: அந்தப் பெண் பந்தயத்தில் ஓடவில்லை, பந்தயம் நடந்த நேரத்தில் அதே பாதையைக் கடந்தார், அவ்வளவே. பாதை வேறு, பந்தயம் வேறு என்ற இந்தப் பிளவை அதிகாரத்தின் மிக நேர்மையான வாக்குமூலம் என்றே கொள்ளலாம். ஓடிட்டுப் போகட்டும், எழுதமாட்டோம் என்கிறது அது.

அடுத்த வருடம் கே.வி. சுவிட்சர் என்று பதிந்துகொண்டு, 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு காத்ரீன் சுவிட்சர் ஓடினார். சில மைல்களுக்குள் ஜாக் செம்பிள் என்ற நிர்வாகி பாய்ந்து வந்து பிடுங்கப் பார்த்தது அந்த எண்ணைத்தான். கூட ஓடிய காதலர் அவரை இடித்துத் தள்ளினார். இவ்வளவும் பத்திரிகையாளர் வண்டிக்கு முன்னாலேயே நடந்ததால் படமாகி உலகம் சுற்றியது. அன்றைக்கும் கிப் ஓடிக்கொண்டிருந்தார், எண் இல்லாமல், சுவிட்சரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக. இன்றும் பலர் சுவிட்சரைத்தான் பாஸ்டனில் ஓடிய முதல் பெண் என்கிறார்கள். சுவிட்சரைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். எண்ணில்லாத உடலை அதிகாரம் மட்டுமல்ல, எதிர்ப்பின் வரலாறும் சுலபமாகத் தவறவிடுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதன் மறுதலை 1980-இல் நடந்தது. ரோசி ரூயிஸ் முறையாகப் பதிந்து எண் பெற்றவர். 2:31:56 என்ற நேரத்தோடு பெண்களில் முதலிடம் என்று மாலை சூட்டினார்கள். கடைசிப் பகுதியில் மட்டும் கூட்டத்திலிருந்து நுழைந்தவர் என்று பிறகு தெரியவந்து பட்டம் பறிக்கப்பட்டது. கனடாவின் ஜாக்குலின் கரோ வெற்றியாளரானார். ஓடியவர் பட்டியலில் இல்லை, ஓடாதவர் பட்டியலில் இருந்தார். இரண்டாவதைத் திருத்தச் சில நாட்கள் போதுமாயிருந்தது.

முதலாவதற்கு முப்பது வருடம் ஆயிற்று. பெண்களை அதிகாரபூர்வமாக அனுமதித்ததே 1972-இல்தான். எட்டுப் பேர் ஓடி எட்டுப் பேருமே முடித்தார்கள், நீனா குஷிக் 3:10:26-இல் முதலிடம். 1996-இல், நூறாவது ஓட்டத்தின்போது, 1966 முதல் 68 வரை கிப்பும், 69 முதல் 71 வரை சாரா மே பெர்மனும் வென்றதாகக் கழகம் ஏற்றுக்கொண்டது. 2017-இல் எழுபது வயதில் சுவிட்சர் மறுபடி 261-ஐ அணிந்து ஓடினார். அந்த எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கழகம் அறிவித்தது. கிப்புக்கு அப்படி ஓய்வு கொடுக்க எண்ணே கிடையாது. சிற்பியுமான அவர் ஓடும் பெண்ணின் சிலை ஒன்றைத் தானே வடித்தார். 2021-இல் அது பந்தயம் தொடங்கும் ஹாப்கின்டனில் நிறுவப்பட்டது.