இலக்குக்கோட்டில் எறிந்த பந்து

உதைபந்தாட்டம் என்றவுடன் எம் மனக்கண்முன் தோன்றுவது காலால் உருட்டப்படும் உருண்டைப் பந்து. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறொன்று. அங்கே பந்து நீண்டு, இருபுறமும் கூர்த்திருக்கும். காலுக்கு வேலை சிறிது. கைக்கும் தோளுக்குமே பெருவேலை. நம் நாட்டில் றக்பி ஆட்டம் பார்த்தவர்களுக்கு அது ஓரளவு விளங்கும். ஆயினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. றக்பியிற் பந்தை முன்னோக்கி எறிதல் குற்றம். அமெரிக்க ஆட்டத்தில் அது குற்றமன்று. எதிரிகளின் தலைக்கு மேலாகவோ இடையாகவோ பந்தை எறிந்து, முன்னே ஓடும் தம் தோழர் கையில் அதனைச் சேர்க்கலாம். அந்த உரிமையே அவ்வாட்டத்தின் உயிர்நிலை. இன்று நாம் எடுத்துக்கொண்ட வழக்கும் அதிலிருந்தே பிறந்தது.

வழக்கு இதுதான். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள், அரிசோனா மாநிலத்துக் கிளென்டேல் நகரில், அந்நாட்டின் ஆண்டுப் பெரும்போட்டி நடைபெற்றது. சியாற்றில் அணியும் நியூ இங்கிலாந்து அணியும் மோதின. முடிவுக்கு 26 விநாடிகள் இருக்கையில், சியாற்றில் அணியினர் வெற்றிக்கோட்டுக்கு ஒரு கஜத் தொலைவில், அதாவது மூன்றடித் தொலைவில் நின்றனர். பந்தைச் சுமந்துகொண்டு பாய்ந்திருக்கலாம். அவர்கள் பாயவில்லை, எறிந்தார்கள். எறிந்த பந்தை எதிரணியின் இளைஞர் ஒருவர் பறித்துக்கொண்டார். அந்த எறிவு வென்றிருக்கக்கூடியதா என்ற விவாதம் அன்றிரவே எழுந்தது. ஆண்டுகள் பல கடந்தும் அது ஓய்ந்தபாடில்லை.

எறிவு என்னும் உரிமை வந்த வரலாற்றை முதலிற் சிறிது பார்ப்போம். 1905ஆம் ஆண்டுவரை அமெரிக்க ஆட்டம் ஒரு மற்போராகவே இருந்தது. இரு கூட்டத்தார் கைகோத்து நெருங்கி மோதுவர். அடியிற் சிக்கியவர் எலும்பு முறிந்து எழுவர், சிலர் எழவேமாட்டார். அவ்வோராண்டில் மட்டும் ஏறக்குறைய 20 இளைஞர் இவ்வாட்டத்தினால் உயிரிழந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்குக் கூறின. சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஹார்வாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். அதன் விளைவாக 1906ஆம் ஆண்டில் முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. ஆட்டக்காரர் ஓரிடத்திற் குவியாது பரந்து நிற்பர், உயிர்ச்சேதம் குறையும் என்பது நோக்கம்.

ஆனாற் பழைமைவாதிகள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எறிந்த பந்து எவர் கையிலும் படாமல் நிலத்தில் விழுந்தாற் பந்து எதிரணிக்கே உரியது என்று ஒரு தண்டனையையும் விதியிற் சேர்த்தனர். 1906ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆம் நாள் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள கறல் கல்லூரிக்கு எதிராகச் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்துப் பிறாட்பரி றொபின்சன் என்பவர் விதிக்கு அமைந்த முதல் எறிவை எறிந்தார். அந்த முதல் எறிவே தவறியது. பந்து எதிரணிக்குப் போயிற்று. அதே ஆட்டத்திற் பின்னர் அவர் எறிந்த பந்தை அவர் தோழர் பற்றிப் புள்ளி ஈட்டினார். இன்னொன்றும் கூறவேண்டும். இலக்குக்கோட்டுக்கு அப்பால் நின்று எறிவைப் பற்றிப் புள்ளி பெறுவது 1912ஆம் ஆண்டுவரை விதிக்குள் அடங்கவில்லை. அவ்வாண்டிலேதான் கோட்டுக்கு அப்பால் பத்துக் கஜ ஆழமான நிலம் ஆட்டக்களத்தோடு சேர்க்கப்பட்டது. நாம் பேசப்போகும் எறிவு 1912க்கு முன் நடந்திருந்தால், பந்தைப் பற்றியிருந்தாலும் விவாதத்திற்கு இடமிருந்திராது!

இனி, கிளென்டேல் நகருக்கு வருவோம். சியாற்றில் அணி முந்திய ஆண்டில் டென்வர் அணியை 43க்கு 8 என்ற கணக்கில் வென்று மகுடம் சூடிய அணி. இம்முறையும் மூன்றாம் காற்பகுதி முடிவில் 24க்கு 14 என்று முன்னணியில் நின்றது. இறுதிக் காற்பகுதியில் நியூ இங்கிலாந்து அணியின் ரொம் பிறேடி இரண்டு எறிவுகளாற் கணக்கை 28க்கு 24 ஆக மாற்றினார். நான்கு புள்ளி பின்னிற்கும் சியாற்றிலுக்கு, உதைத்துப் பெறும் மூன்று புள்ளி போதாது. பந்தைக் கோட்டைக் கடத்தி ஆறு புள்ளி பெற்றேயாகவேண்டும்.

அப்போது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சியாற்றிலின் றசல் வில்சன் எறிந்த நெடும்பந்தைப் பற்ற ஜேர்மெயின் கேர்ஸ் என்பவர் பாய்ந்தார். கூடவே பாய்ந்த எதிரணி இளைஞர் பந்தைத் தட்டிவிட்டார். தட்டிய பந்து நிலத்திற் கிடந்த கேர்ஸின் காலிலும் கையிலும் பட்டுத் துள்ளி, மல்லாந்து கிடந்தவர் கைக்கே வந்து சேர்ந்தது. பந்து கோட்டுக்கு ஐந்து கஜத்தில். அடுத்த முறை, மார்சோன் லிஞ்ச் பந்தைச் சுமந்து நான்கு கஜம் பாய்ந்தார். தோளிற் காயத்தோடு ஆடிய ஹைற்றவர் என்பவர் அவரை மடக்கிச் சாய்த்திராவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். எஞ்சியது ஒரு கஜம். முயற்சிகள் மூன்று. ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை ஒன்று.

நியூ இங்கிலாந்தின் பயிற்றுநர் பில் பெலிசிக் அந்நேரம் கடிகாரத்தை நிறுத்தக் கேட்டிருக்கலாம். தாம் தோற்றால் மறுமுயற்சிக்குச் சில விநாடிகளாவது எஞ்சுமே என்று எவரும் எண்ணுவர். அவர் வாளா நின்றார். விநாடிகள் ஓடின. சியாற்றில் அணியினர் 26ஆம் விநாடியிலே பந்தை எடுத்தனர். வில்சன் எறிந்தார்; றிக்காடோ லொக்கெற் பற்றவந்தார்; மல்கம் பற்லர் இடையிற் புகுந்து பறித்தார்.

விவாதத்தின் முதற்பகுதி, எறிந்திருக்கவே கூடாது என்பது. லிஞ்ச் அன்று 24 முறை பந்தைச் சுமந்து 102 கஜம் முன்னேறியவர். மூவர் சேர்ந்து பற்றினாலும் உதறிச் செல்பவர். அவர் கையிற் பந்தைக் கொடுத்திருந்தால் வெற்றி நிச்சயம் என்பர் இரசிகர். அந்த நிச்சயத்தைச் சற்று உரைத்துப் பார்க்கவேண்டும். அப்பருவத்தில் ஒரு கஜத் தொலைவிலிருந்து லிஞ்ச் ஐந்து முறை பாய்ந்தார்; ஒரு முறையே கோட்டைக் கடந்தார். மறுபுறம், அதே பருவத்தில் அதே தொலைவிலிருந்து எல்லா அணிகளும் எறிந்தவை நூற்றுக்கு மேல். இப்பந்துக்கு முன் அவற்றுள் ஒன்றேனும் எதிரியாற் பறிக்கப்படவில்லை.

கடிகாரக் கணக்கும் உண்டு. பாய்ச்சல் தடுக்கப்பட்டாற் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். எறிவு தவறி நிலத்தில் விழுந்தால் அது நின்றுவிடும். 26 விநாடியில், ஒரேயொரு நிறுத்த உரிமையோடு, மூன்று முறையும் பாய நேரம் போதாது. மூன்றில் ஒன்றை எறிந்தேயாகவேண்டும். அந்த ஒன்றை முதலிலேயே எறிந்தால் நிறுத்த உரிமை கைவசம் இருக்கும். அன்றியும் நியூ இங்கிலாந்து பாய்ச்சலைத் தடுக்கும் பருத்த ஆட்டக்காரரையே களத்தில் இறக்கியிருந்தது. சியாற்றில் பயிற்றுநர் பீற் கறல் பின்னர் கூறிய நியாயம் ஏறக்குறைய இதுவே. எதிரணியின் பெலிசிக்கும் கறல்மீது வீசப்பட்ட கண்டனம் தகாதது என்றார். வென்றவர் கூறிய சாட்சியம் அது. ஏனோ, தோற்ற ஊரில் அது எடுபடவில்லை.

இரண்டாம் பகுதியே எனக்குச் சுவையானது. எறிந்தது எறிந்ததுதான், அந்தப் பந்து வென்றிருக்குமா? ஒரு சாரார் வில்சன்மீது குற்றம் சுமத்துவர். பந்து லொக்கெற்றுக்குச் சற்று முன்னாற் சென்றது. சிறிது பின்னே, அவர் மார்புக்கோ இடுப்புக்கோ எறிந்திருந்தால், அவர் உடலே வேலியாக நின்று பற்லரை மறித்திருக்கும் என்பர். வேறொரு சாரார் லொக்கெற்மீது சுமத்துவர். அவர் பந்தை நோக்கி வலுவோடு வரவில்லையாம். அணியின் தாக்குதல் ஆட்டங்களை வகுத்த டறல் பெவலும் அதே பொருள்படப் பேசினார். திட்டமிட்டவர் தம் பொறுப்பை ஏவலின்படி ஓடியவர் தோளில் இறக்கிவைப்பது அழகன்று என்று பலர் அவரைக் கடிந்தனர். கடிந்தது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. கறல் அப்படிச் செய்யவில்லை. பழி தம்முடையதென்று அன்றே ஏற்றுக்கொண்டார்.

ஆனால் இவ்விரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். களத்தில் நின்றவர் சியாற்றில் அணியினர் மட்டுமல்லர். அந்த எறிவின் சூத்திரம் இது: கேர்ஸ் முன்னாலும் லொக்கெற் அவர் பின்னாலும் வரிசையாக நிற்பர். கேர்ஸ் தம் எதிரே நிற்பவரைத் தள்ளிச் சென்று, பின்னால் நிற்கும் பற்லரின் வழியை அடைப்பார். அடைபட்ட கணத்தில் லொக்கெற் உட்புறம் சாய்ந்து ஓடிப் பந்தைப் பற்றுவார். பற்றிய பந்தின் நுனி கோட்டின்மேற் சென்றாற் போதும், ஆறு புள்ளி. கேர்ஸுக்கு எதிரே நின்றவர் பிறண்டன் பிறவ்ணர். அவர் முன்னர் சியாற்றிலில் ஆடியவர், இச்சூத்திரத்தை அறிந்தவர். அவர் கேர்ஸை நின்ற இடத்திலிருந்து அசையவிடவில்லை. ஆகவே பற்லருக்கு வழி திறந்தே இருந்தது.

பற்லரோ எவரும் பெயரறியாத இளைஞர். மிசிசிப்பியில் விக்ஸ்பேக் நகரிற் பிறந்தவர். ஒரு கல்லூரி அணியிலிருந்து விலக்கப்பட்டுப் பொரித்த கோழி விற்கும் கடையில் வேலை செய்தவர். ஆண்டுதோறும் நடைபெறும் ஆட்டக்காரர் தெரிவில் எந்த அணியும் அவரைத் தெரியவில்லை. தேர்வுக்கு வந்து ஒட்டிக்கொண்டவர். போட்டிக்கு முன், பயிற்சிக்களத்தில், சியாற்றிலின் இதே சூத்திரத்தைத் தம் அணியினரே ஆடிக்காட்டியபோது, அவர் தடையைச் சுற்றிக்கொண்டு ஓடினார், பிந்தினார், பந்து கோட்டைக் கடந்தது. இனி இப்படி நேரக்கூடாது என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. கேர்ஸின் காலிற் பட்டுத் துள்ளிய அந்த நெடும்பந்தைத் தட்டியவரும் அவரே. சரியாகத் தட்டியும் பயனில்லாது போயிற்றே என்று மனம் சோர்ந்து ஓரத்துக்கு வந்தவரைத்தான் மீண்டும் களத்துக்கு அனுப்பினர். இம்முறை அவர் சுற்றவில்லை, நேரே பாய்ந்தார். தொழின்முறை ஆட்டத்தில் அவர் பறித்த முதற்பந்து அதுவே.

ஆகவே, அந்த எறிவு வென்றிருக்குமா என்று கேட்டால், பயிற்சிக்களத்திலே அதே எறிவு அதே பற்லரை வென்றது என்பதுதான் என் விடை. வெல்லக்கூடிய எறிவே அது. லிஞ்சைப் பற்றியும் வில்சனைப் பற்றியும் இரசிகர் அடுக்கும் ‘இருந்திருந்தால்’கள் எல்லாம், வெற்றி சியாற்றிலின் கைப்பொருளாக இருந்து தவறி விழுந்ததென்ற எண்ணத்திற் பிறந்தவை. அது தவறி விழவில்லை. ஒருவர் வந்து எடுத்துக்கொண்டார்.

இவர்களுட் சிலருக்குப் பின் நேர்ந்ததையும் சொல்லவேண்டும். லொக்கெற் அதே ஆண்டு நவம்பரில் டலஸ் நகரில் ஆடுகையிற் கழுத்திற் கடுங்காயமுற்று, உயிராபத்திலிருந்து தப்பினார். அடுத்த ஆண்டு ஆட்டத்தை விட்டு விலகினார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் இரசிகருக்கு நினைவு வருவது அந்த ஓர் எறிவே. கறல் 1999ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபின் நியூ இங்கிலாந்து அணியிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் இருந்த இடத்துக்கு வந்தவரே பெலிசிக். 2024ஆம் ஆண்டு சனவரியில் அவ்விருவரும் ஒருநாள் இடைவெளியில் தத்தம் அணிகளின் பயிற்றுநர் பதவியை விட்டனர்.

பற்லரின் கதை விசித்திரமானது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் நியூ இங்கிலாந்து அணி மீண்டும் அதே பெரும்போட்டியில் பிலடெல்பியா அணியைச் சந்தித்தது. அப்பருவம் முழுவதும் அணியின் முதன்மைத் தடுப்பாளராக விளங்கியவர் பற்லர். அன்று பெலிசிக் அவரைத் தடுப்பாட்டத்தில் ஒரு முறையேனும் இறக்கவில்லை. கண்ணீர் ததும்ப ஓரத்தில் நின்றார். அணி 41க்கு 33 என்று தோற்றது. அவர் ஆடியிருந்தால் வென்றிருக்குமா என்று இம்முறை விவாதிக்கத் தொடங்கியவர்கள் நியூ இங்கிலாந்து இரசிகர்கள்.