தரை உறிஞ்சல்: ஃபார்முலா ஒன் விதிகளும் பந்தயமும்

தரை உறிஞ்சல் என்பது, ஓடும் காரின் அடித்தட்டுக்கும் சாலைக்கும் நடுவே பாயும் காற்றின் அழுத்தம் குறைந்து, கார் தரையோடு இழுத்துப் பிடிக்கப்படுவது. ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிப் பாயும். அதுபோல, குறுகிய வழியில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். காரின் மேலே உள்ள காற்று அப்போது காரைக் கீழே அழுத்தும். டயர் சாலையைக் கவ்வும் பிடி கூடும், வளைவுகளில் வேகம் குறைக்க வேண்டிய தேவை சுருங்கும். இறக்கைகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் அவை காற்றை எதிர்த்து நின்று காரைப் பின்னுக்கும் இழுக்கும். அடித்தட்டு அவ்வளவு விலை கேட்பதில்லை. ஃபார்முலா ஒன்னின் தொழில்நுட்ப விதிகளில் மிகக் கடுமையான சண்டைகள் பல காருக்கு அடியிலுள்ள இந்தச் சில சென்டிமீட்டர் இடத்துக்காகவே நடந்தன.

தொடக்கம்

1970களின் நடுவில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் லோட்டஸ் அணியின் பீட்டர் ரைட் ஒரு மாதிரிக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மாதிரியின் பக்கப் பெட்டிகள் மெல்லத் தொய்ந்து தரையை நெருங்க நெருங்க, அழுத்துவிசையின் அளவீடு ஏறியது. ஓரங்களில் அட்டை வைத்து அடைத்தபோது இன்னும் ஏறியது. இந்தக் கண்டுபிடிப்பை அணித்தலைவர் காலின் சாப்மன் 1977இல் லோட்டஸ் 78 காராக்கினார். பக்கப் பெட்டிகளின் அடிப்பகுதி தலைகீழான விமான இறக்கைபோல வளைந்திருந்தது. காற்று ஓரத்தில் கசியாமல் இருக்க, சாலையை உரசியபடி ஏறி இறங்கும் ஸ்கர்ட் எனும் தடுப்புகள் இருந்தன. அடுத்த ஆண்டு லோட்டஸ் 79 வந்தது. 1978இல் லோட்டஸ் அணி 8 பந்தயங்களை வென்றது. மாரியோ ஆன்ட்ரெட்டி சாம்பியனானார்.

போட்டி அணியான பிரபாமுக்கு வேறு சிக்கல். அதன் ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் கிடைமட்டமாகப் பரந்து கிடந்ததால், அடியில் காற்றுக்கு வழி அமைக்க இடமே இல்லை. வடிவமைப்பாளர் கார்டன் மரே காரின் பின்னால் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, அடியிலிருந்த காற்றை உறிஞ்சி வெளியே தள்ளினார். காற்றியக்கத்துக்காக அசையும் பாகங்கள் கூடாது என்பது விதி. விசிறி எஞ்சினைக் குளிரவைக்கத்தான் என்று அணி வாதிட்டது, குளிரவைத்ததும் உண்மைதான். 1978 ஜூன் 17 அன்று ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் களத்தில் நிக்கி லாவ்டா 34 விநாடிக்கும் மேலான இடைவெளியில் வென்றார். விசிறி பின்னால் வருபவர்கள்மேல் கல்லையும் மண்ணையும் வீசுகிறது என்று மற்ற அணிகள் கொதித்தன. வெற்றி செல்லும் என்று ஏற்கப்பட்டது, ஆனால் அந்தக் கார் மறுபடி பந்தயத்தில் இறங்கவில்லை. விதியின் சொல்லுக்கும் நோக்கத்துக்கும் இடையே உள்ள சந்தில் ஒரு காரையே ஓட்டிவிட முடியும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய கார் வேறில்லை.

ஆறு சென்டிமீட்டர்

ஸ்கர்ட் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் உறிஞ்சல் ஒரு நொடியில் அறுந்துபோகும். வளைவின் நடுவில் பிடி போன காரை எந்த வீரராலும் மீட்க முடியாது. ஆகவே 1981இல் அசையும் ஸ்கர்ட்டுகள் தடை செய்யப்பட்டன. காருக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயமானது. அந்த இடைவெளியை அளந்ததோ கார் நிற்கும்போது. பிரபாம், வேகத்தின் அழுத்தத்தில் தானாகத் தாழ்ந்து, பிட் எனும் பராமரிப்பிடத்துக்குத் திரும்பும் மெதுவோட்டத்தில் மீண்டும் எழும் சஸ்பென்ஷனைச் செய்தது. அளக்க வந்தவர்கள் பார்த்தபோது 6 சென்டிமீட்டர் சரியாக இருந்தது. சில வாரங்களில் மற்றவர்களும் ஆளுக்கொரு வழி கண்டார்கள்.

விளைவு, நோக்கத்துக்கு நேரெதிர். அடித்தட்டு தரையை விட்டு விலகாமல் இருக்க சஸ்பென்ஷனைக் கல்லாக இறுக்கினார்கள். சாலையின் ஒவ்வொரு மேடும் வீரரின் முதுகெலும்பில் இறங்கியது. 1982இல் ஜில் வில்னவ் சோல்டரில் உயிரிழந்தார். டிடியர் பிரோனி ஹாக்கன்ஹைமில் கால்கள் நொறுங்கி ஓய்வுபெற நேர்ந்தது. இரு விபத்துகளிலும் நேரடிக் காரணம் முன்னால் சென்ற காரோடு மோதியது என்றாலும், வேகம் கைமீறிவிட்டது என்ற அச்சம் எங்கும் இருந்தது. 1983 முதல் சக்கரங்களுக்கு இடையே அடித்தட்டு தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அவசரமாக மறுபடி வரையப்பட்ட, அம்புபோன்ற பிரபாம் பிடி52 காரில் நெல்சன் பிக்கே அந்த ஆண்டின் சாம்பியன்.

1994இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் அயர்டன் சென்னாவும் அடுத்தடுத்த நாட்களில் இறந்த பிறகு, அடித்தட்டின் நடுவே 10 மில்லிமீட்டர் கனப் பலகை பொருத்த உத்தரவானது. பந்தயம் முடிந்தபின் பலகையில் உள்ள துளைகளில் கனத்தை அளப்பார்கள். 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் தகுதிநீக்கம். அந்த ஆண்டு பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கர் தேய்ந்த பலகையால் வெற்றியை இழந்தார். ஆறு சென்டிமீட்டர் விதியின் ஓட்டையை அடைத்தது இந்த எளிய பலகைதான். நிற்கும்போது மட்டும் உயரமாக இருந்து ஏமாற்ற முடியாது. ஓடியபோது நடந்ததைப் பலகை தன் உடம்பில் எழுதி வைத்துக்கொள்ளும். இந்த விளையாட்டில் எழுதப்பட்ட விதிகளில் இதையே சிறந்ததென்பேன்.

கலங்கிய காற்று

அடித்தட்டு பறிபோனதும் வடிவமைப்பாளர்கள் இறக்கைகளை நம்பினார்கள். இறக்கை காற்றைக் கிழித்துக் கலக்கி விட்டுச்செல்லும். பின்தொடரும் காருக்கு அந்தக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். அதன் முன்னிறக்கை பிடி இழக்கும், டயர் வழுக்கிச் சூடேறும், வளைவுக்கு வளைவு பின்தங்கும். வேகமான கார் மெதுவான காருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பது வாடிக்கையானது. 2010 நவம்பரில் அபுதாபியில், பட்டியலில் முன்னிலையோடு வந்த ஃபெர்னாண்டோ அலோன்சோ, விட்டாலி பெட்ரோவின் ரெனோவுக்குப் பின்னால் ஏறத்தாழ 40 சுற்றுகள் சிக்கி ஏழாவதாக முடித்தார். பட்டம் செபஸ்டியன் வெட்டலுக்குப் போனது.

இதைச் சரிசெய்ய 2009இலேயே பின்னிறக்கையைக் குறுக்கி, முன்னிறக்கையை அகலமாக்கியிருந்தார்கள். பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் அணிகள், அடித்தட்டின் பின்முனையில் மேல்நோக்கி விரியும் டிஃப்யூசர் பற்றிய விதியில் ஒரு சந்தைக் கண்டு இரட்டை அடுக்கு டிஃப்யூசரோடு வந்தன. ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். புதிய விதிகளின் நோக்கம் கணிசமாக நீர்த்துப்போனது. 2011இல் பின்தொடர்பவர் மட்டும் பின்னிறக்கையைத் திறந்துகொள்ளும் டிஆர்எஸ் வந்தது. 2017இல் கார்கள் 2 மீட்டர் அகலமாகி வேகம் கூடியது, முந்துதல் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது.

விதி ஒன்றுக்காக எழுதப்பட்டு வேறொன்றில் போய் முடிவதற்குத் தமிழ் வாசகருக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 2005இல் வேகத்தைக் குறைக்க, தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர் தொகுதிதான் என்றார்கள். ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸின் சரிவான வளைவை மிஷெலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்தபோது, 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே பிட்டுக்குள் திரும்பின. ஓடிய ஆறு கார்களில் ஜோர்டான் அணியின் கோயம்புத்தூர் வீரர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

2022: திரும்பிய உறிஞ்சல்

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2022இல் வந்த விதிகள், 1983இல் மூடிய கதவை மறுபடி திறந்தன. ஃபார்முலா ஒன் நிர்வாகத்தின் ராஸ் பிரான், பாட் சிமண்ட்ஸ் குழு காரின் அடியில் வளைந்த சுரங்கங்களை அனுமதித்து, மேல்பக்கத்தை எளிமையாக்கியது. 10 மீட்டர் பின்னால் வரும் பழைய கார் 46% அழுத்துவிசையை இழந்தது. புதிய காரில் அது 18% ஆகக் குறையும் என்பது வெளியிட்ட கணக்கு.

பிப்ரவரியில் பார்சிலோனாச் சோதனையில் நேர்ச்சாலையில் கார்கள் குதிக்கத் தொடங்கின. வேகம் ஏற ஏற உறிஞ்சல் காரைத் தாழ்த்தும். மிகத் தாழ்ந்ததும் காற்றோட்டம் அறுந்து கார் மேலெழும். எழுந்ததும் மறுபடி உறிஞ்சும். 1970களின் கடைசியில் பார்த்த நோய்தான். ஜூனில் பாகுவில் பந்தயம் முடிந்து காரிலிருந்து வெளியே வர லூயிஸ் ஹாமில்டன் பட்ட பாட்டை உலகமே பார்த்தது: கையை ஊன்றி, முதுகைப் பிடித்தபடி, மெல்ல மெல்ல. பெல்ஜியம் பந்தயம் முதல் குதிப்புக்கு வரம்பு விதித்தார்கள். 2023இல் அடித்தட்டின் ஓரத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள்.

பந்தயம் நெருக்கமானதா? பின்தொடர்வது எளிதானது, ஆனால் வெல்வது ஒரே அணியானது. ரெட் புல் 2022இல் 22இல் 17, 2023இல் 22இல் 21 பந்தயங்களை வென்றது. பெரிய விதி மாற்றம் வந்தால் அதை முதலில் புரிந்துகொண்டவர் தூரமாகப் போய்விடுவார். விதியைத் தொடாமல் விட்டால் மற்றவர்கள் எட்டிப்பிடிப்பார்கள். 2024இல் ஏழு வீரர்கள் தலா இரண்டு பந்தயங்களாவது வென்றார்கள். 2025இல் லாண்டோ நாரிஸ் 2 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். அணிகளின் ஆண்டுச் செலவுக்கு விதித்த வரம்பும் இதற்கு உதவியது. ஆனால் அதற்குள் அணிகள் காற்றைக் கலக்கும் புது வழிகளைக் கற்று, பின்தொடர்வதை மறுபடி கடினமாக்கிவிட்டன.

2026

2026 விதிகள் அந்தச் சுரங்கங்களைக் குறைத்து, அடித்தட்டைத் தட்டையை நோக்கித் திருப்புகின்றன. அகலம் 1900 மில்லிமீட்டர். சக்கர இடைத்தூரத்தின் உச்சவரம்பு 3400 மில்லிமீட்டர். மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆகிறது. டிஆர்எஸ் போய், நேர்ச்சாலையில் எல்லாருக்கும் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் படுக்கும். முன்னால் உள்ளவரை ஒரு விநாடிக்குள் நெருங்குபவருக்குக் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். காற்றியக்க பாகம் அசையக்கூடாது என்று விசிறிக் காரை விரட்டிய விளையாட்டு, இப்போது இறக்கைகளை விதிப்படி அசையச் சொல்கிறது. 1994இன் பலகை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2025 நவம்பரில் லாஸ் வேகாஸில் நாரிஸ், ஆஸ்கர் பியாஸ்ட்ரி இருவரின் மெக்லாரன் கார்களின் பலகைகளும் 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்ததால் இருவருமே தகுதிநீக்கம் செய்யப்பட்டனர்.